சிரிப்பு ஷாட்

ஜன்னலோரம் நீங்களே இருங்க சார், எனக்கு இந்தப் பக்கம் போதும். நான் தூங்கப் போறதில்ல. இந்த வண்டி தரங்கம்பாடிக்கு எத்தன மணிக்குப் போகும்? கண்டக்டர் பன்னெண்டுங்கிறாரு. உங்களுக்கு சிதம்பரமா? நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. பேசாம வந்தா எனக்கு மண்டை வெடிச்சுரும் சார், தப்பா நினைச்சுக்காதீங்க.

என் பேரு பரஞ்சோதி. சினிமாவுல கோ-டைரக்டர். முப்பத்தொரு வருஷமா டைட்டில்ல என் பேரு வருது, ஆனா அந்த நேரத்துல நீங்க இருட்டுல சீட்டு நம்பரைத் தேடிக்கிட்டு இருந்திருப்பீங்க. என் சம்சாரம் கமலவேணி இப்ப சென்னையில ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. பித்தப்பையில கல்லு, சீழ் வச்சிருச்சாம். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலன்னா உள்ளயே வெடிச்சுரும்னு டாக்டரம்மா சொல்லுது. சின்னப் பொண்ணு. என் மக வயசுதான் இருக்கும், எனக்கு மக இருந்திருந்தா.

அப்படிப் படுத்திருக்கிறவளை விட்டுட்டு இந்த ஆளு எங்க பஸ் ஏறிப் போறான்னுதானே பாக்குறீங்க? அவளுக்காகத்தான் சார் போறேன். அங்க தரங்கம்பாடியில ஒரு டைரக்டர் ஷூட்டிங் நடத்திக்கிட்டு இருக்கான். அவனை எப்படியாவது, கால்ல விழுந்தாவது, கேமராவோட சென்னைக்குக் கூட்டிட்டு வரணும். என் சம்சாரத்தை ஒரே ஒரு ஷாட் எடுக்கணும். அவ சிரிக்கணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்த டாக்டர் வேணா எங்க வேணா கத்தியை வைக்கட்டும்.

இருங்க, முழுசாச் சொல்றேன். எனக்குப் பைத்தியம் இல்ல.

சினிமாவுல செத்துப் போற மாதிரி நடிச்சவங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் சார். பொணமாப் படுத்தவரை எழுப்பி உக்கார வச்சு, அதே கேமராவுல, அதே டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்லி, சிரிக்க வச்சு ஒரு ஷாட் எடுப்போம். படத்துல வராது, ஆனா எடுத்தாகணும். இப்பல்லாம் நிறையப் பேர் விட்டுட்டாங்க. நான் விட்டதில்ல. யூனிட்ல எனக்கு 'சென்டிமென்ட் பரஞ்சோதி'ன்னே பேரு. கேலியாத்தான் சொல்லுவானுங்க, சொல்லட்டும். நான் வேல பாத்த படத்துல செத்தவங்களா நடிச்ச அத்தன பேரும் நல்லா இருக்காங்க. எண்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர், என் படங்கள்ல மட்டும் நாலு தடவை செத்தாரு, இன்னிக்கும் மெரினாவுல வாக்கிங் போறாரு.

இந்த டைரக்டர் பேரு இளம்பரிதி. சின்ன வயசு. வெளிநாட்டுல போய் நாடகம் படிச்சுட்டு வந்தவன். பேய்ப்படம் பண்ணப் போறேன், அனுபவசாலி ஒருத்தர் கூட இருக்கணும்னு என்னைத் தேடி வந்தான். மரியாதையான புள்ள, அதைச் சொல்லணும். கதை விவாதத்துக்கு சாலிகிராமத்துல ரூம் போட்டோம். மொத நாளே போர்டுல ஒரு மலைய வரைஞ்சான். மலைச்சரிவுல படிப்படியா கல்லு. கீழ வட்டமா ஒரு இடம், அதுக்குப் பின்னாடி ஒரு கட்டடம், நடுவுல கதவு. இதுதான் சார் நம்ம படம்னான்.

என்ன தம்பி இது, கிரிக்கெட் கிரவுண்டான்னு கேட்டேன். கிரேக்க நாட்டு நாடகக் கொட்டகையாம். ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி. பதினஞ்சாயிரம் பேர் உக்காந்து, அழுகுறதுக்குன்னே நாடகம் பாப்பாங்களாம். இன்னிக்கு உலகத்துல எடுக்கிற பேய்ப்படம் எல்லாத்துக்கும் தாய்வீடு அதுதான்னான். பேய்க்கு ஏது தம்பி தாய்வீடுன்னேன். ரூமே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தோம்.

அவன் சொன்னதுல விஷயம் இல்லாம இல்ல சார். தாத்தன் பண்ணின பாவம் பேரன் தலையில விடியும்னு அவங்க நாடகத்துல வருமாம். நம்ம படத்துல பழைய பங்களாவுக்கு ஒரு குடும்பம் குடி வரும், யாரோ எப்பவோ பண்ணின கொலைக்கு அதுங்க அனுபவிக்கும். ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் அந்த நாடகத்துல பத்துப் பதினஞ்சு பேர் கூட்டமா நின்னு பாடுவாங்களாம். நடக்கப் போறதை நினைச்சுப் பயப்படுவாங்க, எச்சரிக்கை பண்ணுவாங்க, ஆனா போய்த் தடுக்க மாட்டாங்க. நம்ம படத்துல டீக்கடைக்காரர் ஒருத்தர் 'அந்தப் பங்களாவுக்கா போறீங்க'ன்னு இழுப்பாரே, அந்த ஆளோட முப்பாட்டனுங்களாம் இவங்க. பாக்க வந்தவனுக்குக் கதை மொதல்லயே தெரியும். நடிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியாது. அந்தப் பயம்தான் சார் பயம், பேய் மூஞ்சியைக் காட்டுறது பயமில்லன்னான்.

அந்த நாடகத்துல வர்ற பெரிய மனுஷன் கெட்டவன் இல்லையாம். நல்லவன்தானாம். ஆனா தலைக்கனம் ஒண்ணு இருக்குமாம். தான் நினைச்சதுதான் சரின்னு நிப்பானாம், அதுலயே அழிஞ்சு போவானாம். நான் அப்பவே நினைச்சேன், தம்பி தன் கதையையே சொல்லுதுன்னு.

கதவு விஷயத்துக்கு வர்றேன். அந்த நாடகத்துல கொலையைக் கண்ணுக்கு முன்னாடி காட்ட மாட்டாங்களாம். எல்லாம் கதவுக்குப் பின்னாடி. உள்ளேருந்து அலறல் மட்டும் கேக்கும். அப்புறம் ஒரு ஆள் வெளிய வந்து நடந்ததைச் சொல்லுவான். நம்ம படத்துலயும் அப்படித்தான்னான். வீட்டம்மா உள்ள போய்க் கதவைச் சாத்துவாங்க. கேமரா கதவு மேலயே நிக்கும். ரத்தம் கிடையாது, பொணம் கிடையாது. வேலைக்காரன் வந்து சொல்லுவான், அவ்வளவுதான்.

அந்த வீட்டம்மா வேஷத்துக்கு என் சம்சாரம் வேணியைச் சொன்னது நான்தான். அவ கல்யாணத்துக்கு முன்னாடி சபா நாடகத்துல நடிச்சவ சார். மைக் இல்லாமப் பேசினா கடைசி வரிசைக்குக் கேக்கும். கல்யாணத்துக்கப்புறம் நான்தான் வேணாம்னேன், அவளும் சரின்னுட்டா. எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டா. தம்பிக்கு நல்ல அலறல் வேணும்னதும் எனக்கு அவ ஞாபகம்தான் வந்துச்சு. வீட்ல போய்ச் சொன்னேன். 'நான் எதுக்குங்க இப்பப் போயி'ன்னா. கிளம்புன்னேன், கிளம்பினா.

அந்த ஷாட்டுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு தலைவலி வந்தது கிடையாது சார். ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்ல. லொகேஷன்ல ரெண்டு மூணு தரம் வலது விலாவுக்குக் கீழ இழுக்குதுன்னா, அது யூனிட் சாப்பாடு. எண்ணெய் அப்படி. ஓமத் தண்ணி வச்சுக் குடுக்கச் சொன்னேன், கேஸ்தான், ஷெட்யூல் முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்னேன். நடுவுல அவ படுத்துட்டா என்ன ஆகும்? பரஞ்சோதி சம்சாரத்தால ஷூட்டிங் நின்னு போச்சுன்னு நாளைக்குக் கோடம்பாக்கமே பேசும். அவளும் புரிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் சொல்லவே இல்ல.

இல்ல சார், அதை இதோட சேக்காதீங்க. அது கேஸு. இது வேற.

கதவு சீன் எடுத்தோம். மொத ரெண்டு டேக் சுமார். மூணாவது டேக்ல அலறினா பாருங்க, லைட் ஆளுங்கல்லாம் அப்படியே நின்னுட்டானுங்க. மேல ஏணியில இருந்தவன் கீழ எறங்கி வந்துட்டான். அலறல் முடிஞ்சும் அவ கதவைத் திறக்கல. ரெண்டு நிமிஷம் இருக்கும். வேஷத்துல ஊறிப் போயிட்டா. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், நாடகக்காரிடா அவ, ரத்தத்துல இருக்குன்னு.

சீன் ஓகே ஆச்சு. நான் வழக்கம்போல, சரி தம்பி, அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுத்துரலாம்னேன். தம்பி மானிட்டர்லேருந்து தலையைத் தூக்காம, 'பொணமே இல்லையே சார், எதுக்குச் சிரிப்பு'ன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் பொறுமையாச் சொன்னேன். தம்பி, உங்க கிரேக்கக்காரங்களே கொலை முடிஞ்சதும் கதவைத் திறந்து, பொணத்தைச் சக்கரம் வச்ச பலகையில தள்ளிட்டு வந்து காட்டுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு சோக நாடகம் போட்டா, நாலாவதா வாலு வச்ச கோமாளிங்களை விட்டு ஒரு கூத்து போட்டு ஜனங்களைச் சிரிக்க வச்சு அனுப்புவாங்கன்னும் சொன்னீங்க. அது எதுக்கு? சாவை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னுதானே? அந்தக் கூத்துதான் தம்பி நம்ம சிரிப்பு ஷாட்டுன்னேன்.

நியாயமான பேச்சா இல்லையா, நீங்க சொல்லுங்க. முப்பத்தொரு வருஷத்துல நான் பேசின நல்ல வசனமே அதுதான். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? சிரிச்சான். வாய்விட்டுச் சிரிச்சான். யூனிட்டே சிரிச்சுது. எவனோ ஒருத்தன் பின்னாடியிருந்து, 'அதான் சிரிச்சாச்சே சார், கேமரா மட்டும்தான் ஓடல'ன்னான்.

துண்டை எடுத்துத் தோள்ல போட்டேன், வெளிய வந்து வண்டியில உக்காந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு வேணி வந்தா. வேத்து விறுவிறுத்துப் போயிருந்தா. ஏண்டி இவ்வளவு நேரம்னு கத்தினேன். 'மேக்கப் கலைச்சேங்க'ன்னா. அவ என்னமோ சொல்ல வந்தா, நான் விடல. இனிமே இந்தப் படத்தோட பேரையோ அந்தப் பயலோட பேரையோ நம்ம வீட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டேன். எடுக்கல. ரெண்டு மாசமா எடுக்கல. சொன்ன சொல்லைக் காப்பாத்துவா சார் அவ.

ரெண்டே மாசத்துல பாருங்க, முந்தாநாள் சுருண்டு விழுந்துட்டா. கண்ணு மஞ்சளாயிருச்சு. என் மச்சான் சபாபதி வந்துதான் ஆஸ்பத்திரியில சேத்தான். நேத்து அந்த டாக்டரம்மா, 'எத்தன நாளா வலின்னு சொல்லாம இருந்தீங்கம்மா'ன்னு கேக்குது. இவ என் மூஞ்சியப் பாக்குறா. நான் சொன்னேன், ரெண்டு மாசமாத்தான் டாக்டர், அந்தக் கதவு ஷாட்டுலேருந்துதான்னு. டாக்டரம்மாவுக்கு என்ன புரிஞ்சுதோ, எழுதிக்கிச்சு.

ராத்திரி பூரா இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். சாவுல விட்ட ஆளை நாங்க திரும்பக் கூப்பிடல. கதவுக்குப் பின்னாடி போனவ போனவதான், சிரிச்சுக்கிட்டு வெளிய வரல. அப்படியே கத்தி வைக்கிற இடத்துக்குள்ள அனுப்பினா என்ன ஆகும்? அதான் விடிகாலையில முடிவு பண்ணினேன். அவகிட்ட விவரம் சொல்லல, நோயாளிகிட்ட இதைச் சொல்லலாமா? முக்கியமான வேலை, ராத்திரிக்குள்ள வந்துருவேன், நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதன்னேன். தலையாட்டினா. ஆஸ்பத்திரியில அவ கையெழுத்துதான் வேணுமாம், நினைவோட இருக்கிறதால. சபாபதி குதிக்கிறான். 'என்ன மாமா விளையாடுறீங்களா'ன்னு சட்டையைப் பிடிக்காத குறை. டாக்டர் மத்தியானம்னாங்க, நான் ராத்திரிங்கிறேன். ஒரு அரை நாள்தானே சார் வித்தியாசம்.

வீடியோ காலா? என் மச்சானும் அதைத்தான் கேட்டான். போன்ல சிரிச்சாச் செல்லாது சார். அந்தக் கேமரா, அந்த டைரக்டர் வாயி, ரெண்டும் வேணும். பஸ் ஏறும்போதே தம்பிக்கு மெசேஜ் போட்டுட்டேன். அன்னிக்கு எடுக்காம விட்ட ஷாட்டை இன்னிக்கு எடுக்கணும், உன் கால்ல விழுறதுக்கு வந்துக்கிட்டு இருக்கேன், மறுக்காதன்னு. இதுவரைக்கும் பாக்கல. ஷூட்டிங் நடக்குறப்ப போனை அணைச்சு வச்சிருவான்.

எந்த ஊரு இது? பாண்டிச்சேரி தாண்டிட்டோமா? இருங்க, பாக்கெட்ல என்னமோ அதிருது. தம்பிதான். எனக்குக் கண்ணாடி பைக்குள்ள மாட்டிக்கிச்சு, கொஞ்சம் படிங்க சார்.

என்னது? 'அம்மா கேட்டு அன்னிக்கே எடுத்துட்டோம் சார்'னா? 'உங்ககிட்ட அவங்களே சொல்றேன்னாங்க, சொல்லலையா'வா? சரியாப் படிங்க. எடுத்துட்டோம்னா போட்டிருக்கான்?

கீழ வீடியோ இருக்கா? தொடுங்க, நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிறேன்.

அவதான். அந்தக் கதவுதான். பச்சைப் புடவை, பவுடர் கூடக் கலைக்கல பாருங்க. அது தம்பி குரல், ஆக்‌ஷன் சொல்லுறான். சிரிக்கிறா. சிரிக்கிறா சார். நல்லாத்தான் சிரிக்கிறா. ஏன் நெளியுறா? விலாவுல கை வச்சிருக்கா. கட் சொல்லிட்டான், ஆனா கேமரா ஓடுது. என்னமோ சொல்லுறா, பஸ் சத்தத்துல கேக்கல. திரும்பப் போடுங்க. காதுக்கிட்ட குடுங்க.

'அவர் மனசு ஆறாது தம்பி, அதான் கேட்டேன்.' ம். 'இந்த வலி முன்னாடியேருந்தே இருக்கு. ஆறேழு மாசமா. அந்த அலறல்ல பாதி நடிப்பு இல்ல.' இன்னும் இருக்கு. 'வலியைப் பத்தி அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. என்னால வேலை கெட்டுதுன்னு கோவிச்சுக்குவாரு.'

நிறுத்துங்க சார். போதும்.

ஆறேழு மாசம். இந்தப் படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. அப்ப எந்த ஷாட்டும் இல்ல, எந்தக் கதவும் இல்ல. வீட்ல நானும் அவளும்தான் இருந்தோம். சமைச்சுட்டு அடுப்படியில குனிஞ்சு நிப்பா. என்னடின்னா ஒண்ணுமில்லம்பா. நானும் ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன். கேஸுன்னு சொன்னது யாரு? நான்தான் சொன்னேன். ஷெட்யூல் முடியட்டும்னது யாரு சார்? வாயைத் திறக்காதன்னது யாரு? காலையில நெஞ்சு நிமித்தி, கையெழுத்துப் போடாதன்னு சொல்லிட்டு வந்தது யாரு? அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல. அவ கேட்டா, எடுத்துக் குடுத்துட்டான். நான் அவ்வளவு தூரம் போய் யார் கால்ல விழப் போறேன்?

மணி என்ன? ஒன்பதே முக்காலா? சபாபதிக்குப் போடுறேன். எடு மச்சான், எடு.

மச்சான், அவகிட்ட குடு. திட்டு, அப்புறமா எவ்வளவு வேணா திட்டு, மொதல்ல அவகிட்ட குடு. வேணி. ஆமா, நான்தான். இல்ல, போய்ச் சேரல, பஸ்ஸுலதான் இருக்கேன். சாப்பிட்டேன். சாப்பிட்டேன்மா, இட்லி. வேணி, கையெழுத்துப் போடு. இப்பவே போடு. இல்லம்மா, நான் வர்ற வரைக்கும் காத்திருக்காத. நான் சொன்னதெல்லாம் விடு, என் பேச்சைக் கேக்காத, டாக்டர் பேச்சைக் கேளு. வீடியோ பாத்தேன். தம்பி அனுப்பினான். கேட்டேன். எல்லாம் கேட்டேன். ஏன் பேச மாட்டேங்குற? வேணி, லைன்ல இருக்கியா?

என்ன? என்ன கேட்ட?

ஹலோ. ஹலோ, வேணி. யாரு, மச்சானா? அவகிட்ட குடுடா, ஒரு நிமிஷம். கையெழுத்துப் போட்டுட்டாளா? சரி. உள்ள கூட்டிட்டுப் போறாங்களா? ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லு, ஒரே ஒரு வார்த்தை. போன் உள்ள விட மாட்டாங்கன்னா நீ ஓடிப் போய்ச் சொல்லு. மச்சான், மச்சான்.

வச்சுட்டான்.

'கோவமா இருக்கீங்களா'ன்னு கேட்டா சார். உசுரு போற வலியில படுத்துக்கிட்டு என்னைக் கேட்டா. இல்லன்னு சொல்றதுக்குள்ள போனை வாங்கிட்டாங்க. நான் கோவமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவ உள்ள போறா. மயக்க ஊசி போடுற வரைக்கும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பா.

கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க. ஸ்டாப் இல்லன்னாலும் பரவாயில்ல, நிறுத்துங்க. நான் எதிர்ப்பக்கம் போய் நிக்கணும்.